பறவை திரும்பி வரும்வரை

முதல் தடவை போனபோது, நாங்கள் பார்க்கப் போன பறவை பறந்தே போய்விட்டது.

வேட்டைப் பறவைகளை வளர்த்து, பழக்கி, மக்கள் முன்னால் பறக்கவிட்டுக் காட்டும் மையம் அது. மதியம் இரண்டு மணிக் காட்சிக்கு நானும் என் 9 வயது மகளும் போயிருந்தோம். கூகையும் ஹாரிஸ் ஹாக் என்ற பருந்தும் வந்து போன பிறகு கடைசியாகப் பைரியைக் கொண்டுவந்தார்கள். பெரிகிரின் ஃபால்கன் என்றால் பலருக்குத் தெரியும். மேலிருந்து இரையின் மீது பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் பறவை. பயிற்சியாளர் அதன் தலையில் இருந்த தோல் குல்லாவின் வாரைப் பல்லால் கடித்து இழுத்து, அதைக் கழற்றினார். பறவை சுற்றும் முற்றும் பார்த்தது. உடம்பை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டது. கிளம்பியது.

இரண்டு வட்டம் போட்டது. மூன்றாவது வட்டத்தில், வெயிலில் சூடாகி மேலே எழும் காற்று அதற்குக் கிடைத்துவிட்டது போல. இறக்கையை அடிக்காமலேயே மேலே மேலே போய்ப் புள்ளியாகி, கடைசியில் அந்தப் புள்ளியும் காணாமல் போனது.

ஐந்து நிமிடம் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடத்தில் பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் கொடுத்த காசுக்கு இவ்வளவுதானா என்று சலித்துக்கொண்டே பையைத் தூக்கினார். எனக்கும் கிளம்பலாம் என்றுதான் இருந்தது. என் மகள் நகரவில்லை. "அம்மா, அவங்க இன்னும் நிக்கிறாங்கல்ல, நாமளும் நிப்போம்" என்றாள்.

உண்மைதான், அந்தப் பயிற்சியாளர் நின்றுகொண்டிருந்தார். வயது ஐம்பதைத் தாண்டிய பெண். கையில் நீளக் கயிறு, அதன் நுனியில் தோலையும் சிறகையும் வைத்துக் கட்டிய இரைப் பொம்மை. அதற்கு லூர் என்று பெயர். கொஞ்ச நேரம் சுழற்றுவார், நிறுத்துவார், வானத்தைப் பார்ப்பார், மறுபடி சுழற்றுவார். இன்னொருவர் சின்ன ஆண்டெனாவைக் கையில் பிடித்து நாலு பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார். பறவையின் முதுகில் கட்டியிருந்த டிரான்ஸ்மிட்டரின் சிக்னலைப் பிடித்து அவர் கையிலிருந்த கருவி 'டிக் டிக்' என்று சத்தம் போட்டது. யார் முகத்திலும் பதற்றம் இல்லை. ஆனால் யாரும் பேசவும் இல்லை.

அது வந்ததை நான் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்டேன். புதுத் துணியை ஒரே இழுப்பில் கிழித்தால் வரும் சத்தம். தலைக்கு மேல் எதுவோ கருப்பாகக் கோடு கிழித்த மாதிரி இருந்தது, அடுத்த நொடி லூர் புல்தரையில் கிடந்தது, அதன் மேல் இரண்டு இறக்கையையும் குடைபோல விரித்து மூடிக்கொண்டு பைரி உட்கார்ந்திருந்தது. அப்போது அங்கே பன்னிரண்டு பேர்கூட இல்லை.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது, இந்த மாதிரி இடத்துக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லவேண்டியது: அரைமணி நேரக் காட்சியை மட்டும் பார்க்கப் போகாதீர்கள். காட்சிக்கு முன்னாலும் பின்னாலும் நடப்பதைப் பார்க்க ஒரு நாள் முழுக்க ஒதுக்கிக்கொண்டு போங்கள். பறவை பறப்பதற்கு முன் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அது திரும்பி வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

எப்படிப் போனது, ஏன் போனது என்று அந்த அம்மாவிடமே போய்க் கேட்டேன். "காலையில் எடை பார்த்தபோது பன்னிரண்டு கிராம் கூடுதலாக இருந்தாள். நான் இன்று பறக்கவிட்டிருக்கக் கூடாது" என்றார். பன்னிரண்டு கிராமா என்று நான் விழித்ததைப் பார்த்து, "அடுத்த தடவை வந்தால் காலையில் கதவு திறக்கும்போதே வாருங்கள்" என்றார்.

அடுத்த மாதமே போனோம். கதவு திறக்கும்போதே.

காலை வேலை தராசில் தொடங்குகிறது. மளிகைக் கடைத் தராசு மாதிரிதான், தட்டுக்குப் பதிலாக ஒரு சிறு தண்டு பொருத்தியிருக்கிறது. ஒவ்வொரு பறவையையும் கையில் ஏந்தி வருகிறார்கள், அது தானாகவே தண்டின் மேல் ஏறி நிற்கிறது, எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். தேதி, எடை, நேற்று எவ்வளவு சாப்பிட்டது, வானிலை எப்படி, பறந்ததா, எப்படிப் பறந்தது. பறவைக்கு ஒரு பக்கம் என்று இல்லை, பறவைக்கு ஒரு நோட்டு.

எடை ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், வேட்டைப் பறவை வேடிக்கைக்காகப் பறக்காது. காட்டிலும் அப்படித்தான். வயிறு நிறைந்த பருந்து மரத்தில் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கும். பசி எடுக்கும்போதுதான் கிளம்பும். பயிற்சியாளர் கையில் இருக்கும் இறைச்சித் துண்டுக்காகப் பறந்து வருகிற அளவுக்குப் பசியும், நன்றாகப் பறக்கிற அளவுக்குத் தெம்பும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருக்கிற எடையைத்தான் பறக்கும் எடை என்கிறார்கள். ஒவ்வொரு பறவைக்கும் அது வேறு. குளிர் நாளில் கொஞ்சம் ஏற்றிவைக்க வேண்டும், வெப்ப நாளில் கொஞ்சம் குறைக்கலாம். சுமார் 200 கிராம் எடையுள்ள கெஸ்ட்ரல் என்ற சின்ன ஃபால்கனுக்கு ஐந்து கிராம் என்பது பெரிய வித்தியாசம்.

அப்படியானால் பட்டினி போடுகிறார்களா? எனக்கும் அந்தக் கேள்வி வந்தது, கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கையில் இருந்த ஹாரிஸ் ஹாக்கின் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினார். நெஞ்சின் நடுவில் ஓடும் எலும்பின் இரண்டு பக்கமும் தசை உருண்டு திரண்டு இருக்க வேண்டும். எலும்பு கத்தி முனைபோலக் கையில் தட்டினால் அந்தப் பறவையைப் பறக்கவிடக் கூடாது, சாப்பாடு போட்டு ஓய்வில் வைக்க வேண்டும். "மெலிந்த பறவை திரும்பி வரும், ஆனால் பறக்காது. கொழுத்த பறவை நன்றாகப் பறக்கும், ஆனால் திரும்பி வராது" என்றார். இந்தக் கணக்கைத் தினமும் சரியாகப் போடுவதுதான் இந்தத் தொழிலில் பாதி என்று எனக்குத் தோன்றியது. மறு பாதி பழக்கம். இந்தக் கையில் வந்து இறங்கினால் யாரும் துன்புறுத்தமாட்டார்கள், சாப்பாடு நிச்சயம் என்று பறவைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாயைப் போல இது எஜமானைச் சந்தோஷப்படுத்த நினைக்கிற ஜீவன் இல்லை. அதட்டினால், அடித்தால், ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும்.

எடை பார்த்து முடித்ததும் பறவைகளைப் புல்தரையில் அவரவர் இடத்தில் கொண்டுபோய் விடுவார்கள். காட்சி தொடங்கும்வரை இங்கே நின்று பாருங்கள். என் மகள் இந்த இடத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்தாள், நான்தான் அவளைக் கிளப்ப வேண்டியிருந்தது.

ஃபால்கன் இனத்துக்குத் தட்டையான தலை உள்ள கட்டை, ஹாக்குகளுக்கு வில்போல வளைந்த கம்பி. பாறை விளிம்பில் நின்று பழகிய காலும் மரக்கிளையைப் பற்றிப் பழகிய காலும் வேறு வேறல்லவா. அருகில் போகாமலேயே அலகைப் பாருங்கள். ஃபால்கனின் மேல் அலகு ஓரத்தில் ஒரு பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இரையைப் பிடித்ததும் கழுத்தெலும்பை அதால் கடித்து முடித்துவிடும். ஹாக்குகளும் கழுகுகளும் காலாலேயே கொல்லும், அதனால்தான் அவற்றின் விரல்கள் அத்தனை பருமன். ஜோடியாக இருந்தால் பெரியது பெண். பைரியில் ஆண், பெண்ணைவிட மூன்றில் ஒரு பங்கு சிறியது. இதெல்லாம் பலகையிலும் எழுதியிருக்கும், ஆனால் பலகையைப் படித்துவிட்டுப் பறவையைப் பார்ப்பதைவிட, பறவையைப் பார்த்துவிட்டுப் பலகைக்குப் போனால் மனதில் நிற்கிறது.

பறவையின் மனநிலையைப் படிக்கவும் அங்கேதான் கற்றோம். ஒற்றைக் காலை மடித்து வயிற்றுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு நின்றால் நிம்மதியாக இருக்கிறது. சிறகு முழுவதையும் பொங்கவிட்டு ஒரு உலுக்கு உலுக்கினால் மனசு இலகுவாக இருக்கிறது. பறக்கவிடும் முன் பயிற்சியாளர் இந்த உலுக்கலுக்காகக் காத்திருப்பதைக் கவனியுங்கள். சிறகை உடம்போடு ஒட்டி இறுக்கி, வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்கினால் வெயில் அல்லது பயம். முன்னால் சாய்ந்து வாலைத் தூக்கினால் பின்னால் நிற்காதீர்கள். ஃபால்கனும் ஆந்தையும் எச்சத்தைக் கீழே விடும், ஹாக்கும் கழுகும் பின்னால் தூரமாகப் பீய்ச்சும்.

நல்ல மையமா இல்லையா என்பதும் இந்தப் புல்தரையிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு பறவைக்கும் எட்டும் தூரத்தில் குளிக்கிற அளவுக்குத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா. நிழல் இருக்கிறதா. வால் சிறகின் நுனிகள் உடையாமல் இருக்கின்றனவா. உள்ளங்காலில் வீக்கம் இல்லையா. கட்டியிருக்கும் பறவைகள் தினமும் அவிழ்த்துப் பறக்கவிடப்படுகின்றனவா என்று கேளுங்கள். நல்ல இடத்தில் இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

இதற்கு முன் ஒரு திருவிழாத் திடலில் ஆந்தைகளை மேசைமேல் வரிசையாகக் கட்டி வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் தடவிப் பார்க்கவிட்டதைப் பார்த்திருக்கிறேன். நடுப்பகல், ஒலிபெருக்கி இரைச்சல். அவற்றில் ஒன்று உடம்பை ஒடுக்கி நெட்டையாக நின்று கண்ணைக் கீற்றாகச் சுருக்கியிருந்தது. தூக்கக் கலக்கம், அழகு என்று எல்லோரும் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். அது மரப்பட்டையோடு மரப்பட்டையாக ஒளிந்துகொள்ள ஆந்தை எடுக்கும் கோலம், பயத்தில் எடுக்கும் கோலம் என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் படத்தை நான் அழித்துவிட்டேன். பறவையை வரிசையில் நின்று தடவச் சொல்கிற இடத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். நம் கையின் எண்ணெய்ப்பசைகூடச் சிறகுக்கு நல்லதில்லை.

சரி, காட்சிக்கு வருவோம்.

எங்கே உட்கார்வது என்பதுதான் முதல் கேள்வி. முன்வரிசை நடு இடம் என்று எல்லோரும் ஓடுவார்கள். நான் சொல்வது, முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். பறவை காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகில் படும்படி உட்கார்ந்தால் பறவை முகத்தைக் காட்டிக்கொண்டு உங்களை நோக்கி வரும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு வால்தான் கிடைக்கும். அப்புறம், மைதானத்தில் நட்டிருக்கும் கம்பங்களைப் பாருங்கள். ஆந்தையும் ஹாக்கும் ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாழ்வாகப் பறக்கும், பல சமயம் உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு ஒரு சாண் மேலே. அந்தக் கோட்டில் உட்கார்ந்தால் முடியில் காற்றுப் படும். ஆனால் எழக் கூடாது, கையை உயர்த்திக் காட்டக் கூடாது, குழந்தையைத் தோளில் தூக்கக் கூடாது.

முதல் பறவை கூகை. வெள்ளை முகம், இதய வடிவத் தட்டு. எடை 300 கிராம் சுமார். கம்பத்திலிருந்து கிளம்பி என் மகளின் காதுக்குப் பக்கத்தில் போனது, அவள் அது போன பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். சத்தமே இல்லை. முன்னோரச் சிறகில் சீப்பின் பல் மாதிரி வரிசை, சிறகின் மேல் வெல்வெட் போன்ற பூம்பரப்பு, பின்னோரத்தில் கிழிந்த விளிம்புபோலக் குஞ்சம். காற்று இறக்கையில் இரைச்சல் போடாமல் இருக்க மூன்று ஏற்பாடு. உதிர்ந்த சிறகு ஒன்றை வைத்துப் பயிற்சியாளர் காட்டினார், பைரியின் சிறகை வீசினால் 'விஷ்க்' என்கிறது, கூகையின் சிறகை வீசினால் ஒன்றும் கேட்கவில்லை. கூகையின் இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று சற்று மேலே, ஒன்று கீழே. சத்தம் இரண்டு காதுக்கும் வந்து சேர்வதில் உள்ள நுண்ணிய வித்தியாசத்தை வைத்தே கும்மிருட்டில் எலி எங்கே என்று கண்டுபிடிக்கிறது. சத்தமில்லாமல் பறப்பது எலிக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக மட்டும் இல்லை, தனக்கு எலி கேட்க வேண்டுமே.

இங்கேதான் நான் தவறு செய்தேன். லேசாகத் தூறியது. பையிலிருந்து மழைக்கோட்டை எடுத்து உதறினேன். அந்தப் பிளாஸ்டிக் சரசரப்பில், கையுறையை நோக்கி வந்துகொண்டிருந்த கூகை அப்படியே ஒடித்துத் திரும்பி மைதானத்துக்கு வெளியே ஒரு மரத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பத்து நிமிடம் காட்சி நின்றது. யாரும் என்னைத் திட்டவில்லை, ஆனால் எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. குடை, சரசரக்கும் கோட்டு, தின்பண்டப் பொட்டலம், பலூன் எதையும் பறவை மைதானத்தில் இருக்கும்போது தொடாதீர்கள். வானம் மூடியிருந்தால் கோட்டைப் போட்டுக்கொண்டே உட்காருங்கள். என் மகளின் பையில் தொங்கிய பஞ்சு முயல் பொம்மையையும் உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார்கள், அதற்கான காரணத்தை விளக்கத் தேவையில்லை. ஃபிளாஷ் வேண்டாம் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். நாய் இருந்தால் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

மழையைப் பற்றி இன்னொன்று. கூகையின் சிறகு மழையில் ஊறிவிடும், அதனால் மழை நாளில் ஆந்தைகளைப் பறக்கவிடமாட்டார்கள். பலத்த காற்றில் சின்னப் பறவைகள் பறக்காது. சிறகு உதிர்த்து முளைக்கிற மாதங்களில் பல பறவைகள் ஓய்வில் இருக்கும், புதுச் சிறகின் தண்டில் ரத்தம் ஓடும் காலம் அது, முறிந்தால் கஷ்டம். அதனால் கிளம்புமுன் போன் செய்து இன்றைக்கு எந்தெந்தப் பறவை பறக்கிறது என்று கேளுங்கள். வெப்பக் காலத்தில் காலைக் காட்சிக்கே போங்கள், மதியம் ஏறும் சூட்டுக் காற்று பெரிய பறவைகளை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விடும், எங்கள் பைரி போனது போல.

ஹாரிஸ் ஹாக்குகளை மூன்றாக விட்டார்கள். அமெரிக்கக் கண்டத்துப் பறவை. வேட்டைப் பறவைகளில் கூட்டாக வேட்டையாடும் வழக்கம் அபூர்வம், இவை குடும்பமாகச் சேர்ந்து ஒன்று இரையைக் கிளப்ப, மற்றது மறித்துப் பிடிக்கும். பாலைவனத்தில் உட்கார இடம் இல்லாவிட்டால் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி நிற்பதும் உண்டு. கூட்டத்தோடு ஒத்துப்போகும் குணம் இருப்பதால்தான் மனிதர்களோடும் எளிதாகப் பழகுகிறது. முதன்முதலாகக் கையில் ஏந்திப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைத்தான் தருவார்கள்.

அப்புறம் வந்தது பாறு. பிணந்தின்னிக் கழுகு. பறந்து வரவில்லை, நடந்து வந்தது, பெரிய மனிதர் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பது போல. கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். அந்த அம்மா பேசத் தொடங்கியதும் அமைதி வந்துவிட்டது. தெற்காசியாவில் கோடிக்கணக்கில் இருந்த பாறுகள் 1990-களிலிருந்து சரியத் தொடங்கின. வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. காரணம் நோய் இல்லை, மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற மருந்து. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போதே செத்த மாட்டைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. 2004-ல் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது, 2006-ல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தன. இப்போதும் கூண்டில் வளர்த்து, குஞ்சு பொரிக்கவைத்து, மெல்ல மெல்லக் காட்டுக்குத் திருப்பி அனுப்பும் வேலை நடக்கிறது. இவ்வளவையும் அவர் சொல்லும்போது அந்தப் பறவை அவர் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் பைரி. அதே பெண் பறவை. இந்தத் தடவை எடை சரி. லூரைச் சுழற்றுவதை இப்போதுதான் ஒழுங்காகக் கவனித்தேன். பறவை பாய்ந்து வரும்போது கடைசிக் கணத்தில் கயிற்றை இழுத்துப் பொம்மையைத் தட்டிப் பறிக்கிறார், அது ஏமாந்து மேலே ஏறித் திரும்பி மறுபடி பாய்கிறது. எட்டு, ஒன்பது தடவை. பறவைக்கு உடற்பயிற்சி அதுதான். அதன் பிறகு ஒரு சத்தம் கொடுத்து லூரை வானத்தில் எறிந்துவிட்டார், பிடித்துக்கொண்டது. படம் எடுக்கிறவர்களுக்கு: ஷட்டர் வேகம் நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வையுங்கள், பறவையைத் துரத்தாமல் லூரின் மேல் குறி வையுங்கள். போன்தான் இருக்கிறது என்றால் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து அதிலிருந்து படத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் இரண்டு பாய்ச்சலைத் திரை வழியாகப் பார்க்காதீர்கள். கண்ணால் பாருங்கள்.

மதியத்துக்கு மேல் கையில் ஏந்தும் வாய்ப்புக்கு முன்பதிவு செய்திருந்தேன். கையுறை இடது கையில். முழங்கை இடுப்போடு ஒட்டி, முஷ்டி முழங்கையைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். பறவை எப்போதும் உயரமான இடத்தைத் தேடும், கையைத் தாழ்த்தினால் தோளை நோக்கி ஏறிவிடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சின்ன இறைச்சித் துண்டு வைத்தார்கள். ஐம்பது அடி தூரத்துக் கம்பத்திலிருந்து ஹாரிஸ் ஹாக் கிளம்பியது. கீழே இறங்கி, புல்லை ஒட்டியே வந்து, கடைசியில் எழும்பியது. அது வரும்போது நான் அதன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்னைப் பார்க்கவே இல்லை. அதன் கண் முழுக்க என் கட்டைவிரல் மேல். வந்து இறங்கியபோது யாரோ கையைத் தட்டிப் பிடித்த மாதிரி இருந்தது, பிறகு தோலுக்கு மேலே எட்டு நகங்களும் மெல்ல அழுந்துவது தெரிந்தது. தின்று முடித்து, அலகின் இரண்டு பக்கத்தையும் கையுறையில் துடைத்துக்கொண்டது, இலையில் கை துடைப்பது போல. அப்புறம்தான் தலையைச் சாய்த்து என் முகத்தைப் பார்த்தது. முக்கால் கிலோதான் இருக்கும், ஆனால் பத்து நிமிடத்தில் தோள்பட்டை வலிக்கத் தொடங்கிவிட்டது.

திடீரென்று கையிலிருந்து பாய்ந்து தலைகீழாகத் தொங்கி இறக்கையை அடித்தால் பயப்படாதீர்கள், கையை உதறாதீர்கள், கீழேயும் விடாதீர்கள். கை ஆடாமல் நின்றால் பயிற்சியாளர் வந்து நெஞ்சில் கைகொடுத்து எழுப்பி வைப்பார். முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கெஸ்ட்ரலோ சின்ன ஆந்தையோ போதும். இன்னொன்று, பறவைகளுக்குக் கொடுப்பது பெரும்பாலும் ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சு, மஞ்சளாக, முழுசாக இருக்கும். முட்டைப் பண்ணைகளில் தேவையில்லை என்று கழிக்கப்படும் சேவல் குஞ்சுகள் அவை. குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான் சொல்லாததால் என் மகள் முதல் நாள் சாப்பிடவில்லை.

வீட்டில் கோழியோ புறாவோ வளர்க்கிறவர்கள் செருப்பை மாற்றிக்கொண்டு வாருங்கள், வாசலில் இருக்கும் மருந்து விரிப்பில் காலை நன்றாக அழுத்தி மிதியுங்கள். பறவைக் காய்ச்சல் ஒரு தடவை உள்ளே வந்தால் மொத்தமும் போய்விடும்.

சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு அந்த அம்மாவோடு பேச நேரம் கிடைத்தது. இப்படி மக்கள் வந்து பார்க்கும் மையங்களில் பழமையானவற்றில் ஒன்று இங்கிலாந்தின் நியூவென்ட்டில் 1967-ல் தொடங்கியது என்றார். பறவையை வைத்து வேட்டையாடும் கலையை யுனெஸ்கோ 2010-ல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, 2021-ல் அதில் 24 நாடுகள் இருந்தன. எனக்கு அதைவிடப் பைரியின் கதைதான் பெரிதாகப் பட்டது. டிடிடி பூச்சிமருந்து உணவுச் சங்கிலி வழியாக ஏறி, முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே முட்டைகள் உடைந்தன. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பைரி முற்றிலும் மறைந்துபோனது. 1970-ல் டாம் கேட் என்ற பறவையியலாளர் பெரிகிரின் ஃபண்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார், அவரே ஃபால்கன் வளர்த்தவர். கூண்டில் குஞ்சு பொரிக்கவைத்து, பறக்கத் தெரியாத குஞ்சுகளை உயரமான இடத்தில் பெட்டியில் வைத்து, ஆள் முகம் தெரியாமல் உணவு போட்டு, தானாகப் பறந்து வேட்டை கற்கும்வரை விட்டுவைத்தார்கள். வேட்டைப் பறவை வளர்ப்பவர்கள் நூற்றாண்டுகளாகக் கையாண்ட வழி அது. 1972-ல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. 4,000-க்கும் மேற்பட்ட பைரிகளைக் காட்டில் விட்டார்கள். 1999-ல் அழியும் ஆபத்தில் உள்ளவை பட்டியலிலிருந்து அந்தப் பறவையை நீக்கினார்கள்.

"நாங்களும் ஒண்ணு வளர்க்கலாமா?" என்று என் மகள் கேட்டாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. தினமும் எடை பார்க்க வேண்டும், தினமும் பறக்கவிட வேண்டும், இருபது வருடம் உயிரோடு இருக்கலாம், ஊருக்குப் போகணும் என்றால் ஒருவரிடமும் விட்டுப்போக முடியாது என்று பெரியவர்களிடம் பேசுவது போலவே அவளிடம் சொன்னார். "பறவை வேண்டும் என்றால் முதலில் வந்து தொட்டி கழுவு" என்றார். அடுத்த விடுமுறையில் இரண்டு வாரம் போய்த் தொட்டி கழுவினாள்.

அந்தச் சாயங்காலம் கிளம்பும்போது அவள் பைரியின் நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் எடுத்துக் கொடுத்தார். நாங்கள் முதலில் வந்த தேதியைத் தேடிப் புரட்டினோம். எடை, பன்னிரண்டு கிராம் கூடுதல் என்று சிவப்பில். வெயில், லேசான தென்காற்று. கடைசிக் கட்டத்தில் இரண்டே வரி.

48 நிமிடம்.
வந்துவிட்டாள்.